நண்டுக் காலில் கிடைத்த பம்பு

செல்லின் கதை – 9

சென்ற அத்தியாயத்தில் சார்லஸ் எர்னஸ்ட் ஓவர்ட்டனை ஜூரிச் நகரத்தில் விட்டுவிட்டு வந்தோம். எண்ணெயில் எளிதாகக் கரைகிற பொருள் செல்லுக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது, கரையாதது வெளியே நின்றுவிடுகிறது. ஆகவே செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்புத் தன்மை உடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் 1899-இல் சொன்னதைப் பார்த்தோம். பாடநூல்கள் இன்றும் ஓவர்ட்டனை அதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. மூன்றாண்டு கழித்து அவர் எழுப்பிய இன்னொரு கேள்வியைப் பற்றி அவை பேசுவது குறைவு. என் பார்வையில் அதுதான் பெரிய கேள்வி. விடை கிடைக்க 55 ஆண்டுகள் ஆயின. கிடைத்த இடம், டென்மார்க்கில் ஒரு நண்டின் கால்.

1902-இல் ஓவர்ட்டன் தவளையின் தசையை எடுத்து உப்பே இல்லாத சர்க்கரைக் கரைசலில் போட்டார். சற்று நேரத்தில் தசை செயலிழந்தது. மின்சாரத்தால் தூண்டினாலும் அசையவில்லை. கரைசலில் கொஞ்சம் சோடியம் உப்பைச் சேர்த்ததும் பழையபடி சுருங்கத் தொடங்கியது. அப்படியானால் தசை வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து சிறிது சோடியம் உள்ளே போகிறது, ஈடாக உள்ளிருந்து சிறிது பொட்டாசியம் வெளியே வருகிறது என்று ஊகித்தார்.

ஊகம் சரிதான். ஆனால் அங்கேயே ஒரு சிக்கல் இருப்பதை அவரே கண்டுகொண்டார். 70 வயது வரை வாழும் மனிதரின் இதயம் ஏறத்தாழ 240 கோடி தடவை துடிக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு சோடியம் உள்ளே சேர்ந்துகொண்டே போனால், முதுமையில் இதயத் தசை முழுக்கச் சோடியமாக அல்லவா இருக்க வேண்டும்? முதியவரின் தசையிலும் இளைஞரின் தசையிலும் இந்த இரண்டு உப்புகளின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அப்படியென்றால் நுழைந்த சோடியத்தை ஏதோ ஒன்று திருப்பி வெளியே அனுப்புகிறது. எது, எப்படி? ஓவர்ட்டன் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சோடியம் 135 முதல் 145 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்று இயல்பு அளவு அச்சிட்டிருக்கும். இது இரத்த நீரில் உள்ள அளவு. அந்த நீரில் மிதக்கும் சிவப்பணுவுக்குள் போனால் கணக்கு தலைகீழ்: அங்கே பொட்டாசியம் 140 அளவில் இருக்கும், சோடியம் 10 அல்லது 15-ஐத் தாண்டாது. 1850-இலேயே, காலரா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்த கார்ல் ஷ்மிட் இந்த வேறுபாட்டை அளந்து எழுதிவிட்டார். உள்ளே ஓர் உப்பு, வெளியே ஓர் உப்பு. நடுவில் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத சவ்வு. அது எப்படி இரண்டையும் கலக்கவிடாமல் வைத்திருக்கிறது?

ஓவர்ட்டனுக்குப் பின் வந்தவர்கள் இதற்கு எளிய பதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சவ்வு சோடியத்தை உள்ளே விடுவதே இல்லை, அவ்வளவுதான். சுவர் அடைத்திருந்தால் காவலுக்கு ஆள் எதற்கு? 1941-இல் டப்ளின் நகரத்து எட்வர்ட் கான்வேயும் அவருடைய சகாவான பாயிலும் தசையின் உப்புக் கணக்கு முழுவதையும் இந்த அடிப்படையிலேயே வகுத்துக் காட்டினார்கள். கணக்கு அழகாக ஒத்துவந்தது. கான்வே சாதாரண ஆள் அல்லர், அளவீட்டில் கைதேர்ந்தவர். அதனாலேயே அந்தச் சுவர் கொள்கைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

அதை உடைத்தவை எலிகள். அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியோன் ஹெப்பல் என்ற இளைஞர் எலிகளுக்குப் பொட்டாசியம் குறைந்த தீனியைக் கொடுத்து வளர்த்தார். அவற்றின் தசையில் பொட்டாசியம் வெகுவாகக் குறைந்து, அந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்திருப்பதை 1939-இல் வெளியிட்டார். மறு ஆண்டு கதிரியக்கச் சோடியத்தைச் செலுத்தி, அது தசைக்குள் விரைவாகப் புகுவதையும் காட்டினார். சுவர் அடைத்திருக்கவில்லை. சோடியம் எப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. 1941-இல் ராபர்ட் டீன், அப்படியானால் சோடியத்தை வெளியேற்றும் ஒரு பம்பு தசையின் சவ்வில் இருந்தாக வேண்டும் என்று எழுதினார்.

ஓட்டைப் படகில் பயணம் செய்பவர் ஓயாமல் நீரை இறைத்துக்கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? செல்லின் நிலைமை அதுதான் என்று ஆயிற்று. இறைக்க ஆற்றல் வேண்டும். கான்வே 1946-இல் அந்த இடத்தில்தான் மடக்கினார்: இவ்வளவு சோடியத்தை வெளியேற்றுவதற்கு, தசை ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல் முழுவதும் போதாதே என்று கணக்குப் போட்டுக் கேட்டார். நியாயமான கேள்விதான். உள்ளே வருவதாகத் தெரிந்த சோடியத்தில் ஒரு பகுதி, ஆற்றல் செலவே இல்லாமல் ஆளுக்கு ஆள் இடம் மாற்றிக்கொள்வது என்று கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸிங் விளக்கிய பிறகுதான் அந்த முடிச்சு தளர்ந்தது.

இதற்கிடையில் சான்று வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1937-இல் சிகாகோவில் மருத்துவமனை ஒன்றில் இரத்த வங்கி தொடங்கியபின், குளிரூட்டிய பெட்டியில் இரத்தத்தைச் சேமிப்பது அமெரிக்காவில் பரவிக்கொண்டிருந்தது. சேமித்த இரத்தத்தில் ஒரு குறை தெரிந்தது. நாளாக ஆக, சிவப்பணுவிலிருந்த பொட்டாசியம் வெளியே கசிந்து இரத்த நீரில் சேர்ந்தது. சோடியம் உள்ளே போனது. செல் செத்துப்போயிற்று என்று நினைக்கத் தோன்றும். ஐயோவாவில் ஜான் ஹாரிஸ் அந்தக் குளிர்ந்த இரத்தத்தை எடுத்து உடலின் வெப்பத்துக்குச் சூடாக்கி, குளுக்கோஸும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கசிந்த பொட்டாசியம் திரும்ப உள்ளே போகத் தொடங்கியது! குளுக்கோஸ் இல்லாவிட்டால் இந்த மீட்சி நடக்கவில்லை. அதாவது குளிரில் நின்றுபோன ஏதோ ஒன்று, சூடும் உணவும் கிடைத்ததும் மறுபடி ஓடத் தொடங்குகிறது. இது 1941-இல் வெளிவந்தது. இன்றும் இரத்த வங்கியில் வாரக்கணக்காக வைத்த இரத்தத்தைப் பச்சிளங்குழந்தைக்கு நிறைய ஏற்ற நேரும்போது மருத்துவர்கள் பொட்டாசியத்தை நினைத்து எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான்.

அடுத்த சான்று இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் கிடைத்தது. கணவாயின் உடலில் மிகத் தடித்த நரம்பிழை உண்டு. ஊசிக்கணவாயில் அது அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிக்கும், கண்ணுக்கே தெரியும். ஆலன் ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கீன்ஸும் அந்த இழைக்குள் கதிரியக்கச் சோடியத்தை ஏற்றிவிட்டு, சாதாரணக் கடல்நீரில் கிடத்தி, அது எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். ஒரே சீராக வெளியேறிக்கொண்டிருந்தது. கடல்நீரில் சயனைடு அல்லது டைநைட்ரோபீனால் கலந்தார்கள். இவை இரண்டும் செல்லின் ஆற்றல் உற்பத்தியை முடக்கும் நஞ்சுகள். சோடியம் வெளியேறுவது கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. நஞ்சைக் கழுவியதும் மறுபடி தொடங்கியது. உள்ளே நுழைவதற்கு ஆற்றல் தேவையில்லை, வெளியேற்றுவதற்குத்தான் தேவை. இந்தக் கட்டுரை 1955-இல் வந்தது.

ஆற்றல் என்றால் ஏ.டி.பி. அந்த மூலக்கூறைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. 1929-இல் தசையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் இரு தரப்பினர்: ஜெர்மனியில் கார்ல் லோமன், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும். பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். செல் செய்யும் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் கூலியாகத் தரப்படும் மூலக்கூறைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் அழுத்தமாக இடம்பெற வேண்டும்.

ஆக 1955 வாக்கில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது இது: பம்பு உண்டு, அதற்கு ஆற்றல் வேண்டும். பம்பை மட்டும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, கையில் பிடித்ததில்லை. பிடித்தவர் அதைத் தேடியவரே அல்லர்.

யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ 1918-இல் டென்மார்க்கின் லெம்வி என்ற சிற்றூரில் மர வியாபாரி ஒருவருக்குப் பிறந்தார். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் நாடு இருந்த காலத்தில் கோபன்ஹேகனில் மருத்துவம் படித்து, 1944-இல் தேறி, வடக்கே ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. ஊசி போட்ட இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்பில் என்னதான் செய்கிறது? அதற்கு விடை தேடியே 1947-இல் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் துறைக்குப் போனார். பட்டம் முடித்ததும் மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

மரப்பு மருந்து சவ்வின் கொழுப்பில் கரைந்து, அதில் பதிந்திருக்கும் ஏதோ ஒரு புரதத்தை நெருக்கி முடக்குகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்கச் சவ்வில் பதிந்த நொதி ஒன்று வேண்டும். 1953 கோடையில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்துக்குப் போனபோது, கணவாய் நரம்பின் உறையில் ஏ.டி.பி.யை உடைக்கும் நொதி இருப்பதாக முன்பே ஒருவர் எழுதியிருப்பது தெரியவந்தது. சரி, அதையே எடுத்துக்கொள்வோம் என்று ஊர் திரும்பினார். ஓர்ஹூஸில் கணவாய் கிடைக்கவில்லை. கரையோர நண்டு வேண்டிய மட்டும் கிடைத்தது. மீனவர் ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கினார்.

வேலை பொறுமையைச் சோதிப்பது. நண்டின் காலை உடைத்து, ஓட்டுக்குள் இருக்கும் நரம்பை அறுந்துபோகாமல் உருவ வேண்டும். ஒரு காலில் கிடைப்பது நூலளவு. நிறையச் சேர்த்து, குளிர்ந்த கரைசலில் அரைத்து, விசையாகச் சுழலும் கருவியில் வைத்துச் சுற்றினால், கனமான சிதைவுகள் முதலில் அடியில் தங்கும். இன்னும் வேகமாகச் சுற்றினால் சவ்வுத் துணுக்குகள் தனியே படியும். அந்தப் படிவோடு ஏ.டி.பி.யைக் கலந்து, எவ்வளவு பாஸ்பேட் பிரிந்து வருகிறது என்று அளப்பார். பாஸ்பேட் கூடினால் நொதி வேலை செய்கிறது என்று பொருள்.

மக்னீசியம் இல்லாமல் நொதி அசையவில்லை. அது எதிர்பார்த்ததே. சோடியம் சேர்த்தால் வேகம் சிறிதளவு கூடியது. பொட்டாசியம் மட்டும் சேர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரே மாதிரிச் சோதனைகளுக்கு வெவ்வேறு விடைகள் வந்து குழப்பின. கடைசியில் பிடிபட்டது: சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டும் நொதி பாய்ச்சலாக வேலை செய்கிறது. இரண்டு உப்பையும் ஒரே நேரத்தில் கேட்கும் நொதி வேறு எதுவும் அதுவரை தெரிந்திருக்கவில்லை.

அப்போதுதான் ஹாட்ஜ்கின்–கீன்ஸ் கட்டுரை அவர் கைக்கு வந்தது. நரம்பிலிருந்து சோடியத்தை வெளியேற்ற ஆற்றல் வேண்டும் என்கிறது அது. தன் மேசையில் இருப்பதோ நரம்பின் சவ்விலிருந்து வந்த நொதி, ஏ.டி.பி.யை உடைக்கிறது, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கேட்கிறது. மரப்பு மருந்தைத் தேடிப்போனவர் கையில் பம்பு இருந்தது.

கட்டுரை 1957-இல் வெளியானது. தலைப்பில் பம்பு என்ற சொல் இல்லை; அப்படிப் போடுவது துணிச்சலாகிவிடும் என்று தவிர்த்துவிட்டார். புற நரம்புகளில் உள்ள ஏ.டி.பி. நொதி ஒன்றின் மீது சில அயனிகளின் தாக்கம் என்பதாக அடக்கமான தலைப்பு. சோடியத்தை வெளியேற்றுவதில் இந்த நொதிக்குப் பங்கு இருக்கலாம் என்று உள்ளே எழுதினார். அதைப் படித்துத் துள்ளியவர்கள் மிகச் சிலரே.

மறு ஆண்டு வியன்னாவில் உலக உயிர்வேதியியல் மாநாடு. அங்கே அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலிருந்து ராபர்ட் போஸ்ட் வந்திருந்தார். அவரும் 1957-இல்தான் சிவப்பணுவில் மூன்று சோடியம் வெளியேறும்போது இரண்டு பொட்டாசியம் உள்ளே வருகிறது என்ற கணக்கை வெளியிட்டிருந்தார். ஸ்கோ தன் நண்டு நொதியைப் பற்றிச் சொல்ல, போஸ்ட் கேட்டது ஒரே கேள்வி: உவபேன் அதைத் தடுக்கிறதா? ஸ்கோவுக்கு உவபேன் என்றால் என்னவென்றே தெரியாது. விளக்கம் கேட்டுக்கொண்டு உடனே ஓர்ஹூஸுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சோதிக்கச் செய்தார். தடுத்தது. சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

உவபேன் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் பூசிய நஞ்சு. ஒரு மரத்திலிருந்து எடுப்பது. இதே குடும்பத்து மருந்துதான் டிஜிட்டாலிஸ். 1785-இல் வில்லியம் விதரிங் அது கிடைக்கும் செடியின் இலையை இதய நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பது ஏறத்தாழ 170 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1953-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ஷாட்ஸ்மன், இவை சிவப்பணுவில் சோடியம், பொட்டாசியப் போக்குவரத்தை நிறுத்துவதைக் கண்டார். போஸ்ட் மனத்தில் வைத்திருந்த சான்று அதுதான். பம்பு தளர்ந்தால் இதயச் செல்லில் சோடியம் ஏறும்; அதைத் தொடர்ந்து கால்சியம் ஏறும்; கால்சியம் ஏறினால் தசை பலமாகச் சுருங்கும். அளவோடு கொடுத்தால் மருந்து. மிஞ்சினால் இதயத்தின் ஓட்டமே தடுமாறும்.

நம் வேலியோரத்தில் நிற்கும், யாழ்ப்பாணத்தார் அலரி என்று சொல்லும் மஞ்சள் அரளியில் இருப்பதும் இந்த வகை நஞ்சுதான். இலங்கையின் வடக்கிலும் வடமத்தியிலும் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வருவோர் பல்லாண்டுகளாக ஏராளம். நஞ்சைப் பிடித்து இழுக்கும் எதிர்ப்பொருள் மருந்து அவர்களைக் காப்பாற்றுகிறது என்று கொழும்பில் நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. மருந்து ஏறியதும் இதயத்துடிப்பு சீரானது, இரத்தத்தில் ஏறியிருந்த பொட்டாசியமும் இறங்கியது. முடங்கிய பம்புகள் மறுபடி ஓடின என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டாம். ஆனால் மருந்தின் விலை நாட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2002-இல் இருப்புத் தீர்ந்தது, இறப்புகள் கூடின. வழி தெரிந்திருந்தும் காசு இல்லாததால் உயிர் போவதை என்னால் ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிட முடியவில்லை.

பின்னால் வந்த ஆண்டுகளில் போஸ்ட்டும் ஆல்பர்ஸ் என்ற ஆய்வாளரும் பம்பின் சுற்றை விளக்கினார்கள். உட்புறம் வாய் திறந்திருக்கும்போது மூன்று சோடியம் வந்து ஒட்டும். ஏ.டி.பி. தன் பாஸ்பேட் ஒன்றைப் புரதத்தின் மீது ஏற்றும். புரதம் வடிவம் மாறி வெளிப்புறம் வாய் திறக்கும்; சோடியம் விலகும், இரண்டு பொட்டாசியம் ஒட்டும். பாஸ்பேட் கழன்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பொட்டாசியத்தை உள்ளே விடும். நொடிக்கு நூறு தடவை அளவில் இது நடக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இதற்கே போகிறது. மூளையில் இன்னும் அதிகம். உயிரோடு இருப்பதன் செலவில் கணிசமான பகுதி, கசிவைச் சரிக்கட்டும் செலவு.

ஸ்கோவுக்கு நோபல் பரிசு 1997-இல் கிடைத்தது. கட்டுரை வெளியாகி 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாதிப் பரிசு அவருக்கு. மறு பாதி ஏ.டி.பி. உருவாகும் விதத்தை விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும். 2007-இல் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த பம்பின் முழு வடிவத்தையும் அணு அணுவாகப் படம்பிடித்து வெளியிட்டார்கள். அதைச் செய்த குழு அதே ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஸ்கோ அதைப் பார்க்க இருந்தார். 2018 மே மாதம், 99-ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வளவு செலவில் வெளியே தள்ளிய சோடியம் திரும்ப உள்ளே வர முட்டிக்கொண்டே இருக்கும். அப்படி வரும்போது சர்க்கரையையும் கூடவே இழுத்து வர முடியும் என்று 1960-இல் பிராக் நகரத்தில் ராபர்ட் கிரேன் ஒரு படம் வரைந்து காட்டினார். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நாம் இன்று கலக்கிக் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல் ஏன் வேலை செய்கிறது என்பதை விளக்கும் படம் அது. அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)